வாசிக்கிறான், ஆனால் விளங்கவில்லை: சிறு பிள்ளைகளின் கிரகித்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பல வருடம் இருந்தேன். இப்போது உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில், பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மா, அப்பா, அம்மம்மாமார் படலையடியில் நின்று கேட்கிற கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். அவசரத்தில் படலையடியில் பாதிதான் சொல்ல முடிகிறது.

மகன் தரம் 3. தடக்குப்படாமல் வாசிக்கிறான். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான். ஏன்?

வாசிப்பு என்பது இரண்டு வேலை. ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது. மற்றது, அந்த ஒலியில் உள்ள மொழியை விளங்கிக்கொள்வது. 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. அவர்கள் கூட்டவில்லை, பெருக்கினார்கள். கூட்டலில் ஒன்று குறைந்தாலும் மற்றது கைகொடுக்கும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான்.

உங்கள் மகனுக்கு முதல் பாதி வந்துவிட்டது. தமிழில் அது கொஞ்சம் சீக்கிரமாகவே வரக்கூடியது. 247 எழுத்து என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் 12 உயிரையும் 18 மெய்யையும் அவை சேரும் விதத்தையும் பிடித்துக்கொண்ட பிள்ளை, அர்த்தம் தெரியாத சொல்லைக்கூடப் பெரும்பாலும் சரியாக உச்சரித்துவிடும். அதனால்தான் நாங்கள் ஏமாந்துபோகிறோம். வாய் ஓடுவதைக் கேட்டதும் மனமும் கூடவே ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டாவது பாதியையும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

கிரகித்தல் பயிற்சியில் எல்லா விடையும் சரியாக எழுதுகிறாளே. அப்போ விளங்கியிருக்கிறதுதானே?

இந்த வசனத்தை வாசியுங்கள்: "ஞெமுளன் துவரிக்கையில் ஏறி மூன்று கொப்பிலங்களைத் தழுக்கினான்."

இப்போது விடை சொல்லுங்கள். துவரிக்கையில் ஏறியவன் யார்? எத்தனை கொப்பிலங்களைத் தழுக்கினான்? இரண்டுக்கும் உங்களால் முழுப் புள்ளி எடுக்க முடியும். ஆனால் இதில் நாலு சொற்களை நானே இட்டுக்கட்டினேன், அவற்றுக்கு ஓர் அர்த்தமும் இல்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த வழியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கொப்பியில் எழுதினால் டீச்சர் சரி போடுவார். அவர்களில் எந்தப் பிழையும் இல்லை. நாங்கள் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பது சோதித்தல். கற்றுக்கொடுத்தல் வேறு. அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்பு அறைகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடம் நடப்பதை 4469 நிமிடம் கவனித்தார். அதில் எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது வெறும் 20 நிமிடம். மற்ற நேரத்தில் கேள்வி கேட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள், விடை பார்த்தார்கள். 1978-79இல் வந்த அந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. என் வகுப்பிலும் நான் பல வருடம் அதைத்தான் செய்திருந்தேன்.

அப்படியென்றால் கற்றுக்கொடுப்பது எப்படி?

உங்கள் மனம் வாசிக்கும்போது என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். தோசை சுடப் பழக்குவதென்றால் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பார், ஓரம் கழன்று வருது, இப்ப திருப்பலாம்" என்று சொல்வோம். வாசிப்பில் மட்டும் கல்லையும் மாவையும் கொடுத்துவிட்டுத் தோசை எங்கே என்று கேட்கிறோம்.

ஒரு சின்னப் பந்தியை எடுப்போம். பிள்ளைகளுக்காக நான் எழுதியது:

"காலையில் வானம் இருண்டிருந்தது. அப்பா வலையை எடுத்துத் தோளில் போட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வலையை மறுபடி வாடிக்குள் வைத்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கை ஏற்றினார்."

முதல் வசனத்தை வாசித்துவிட்டு நிறுத்துகிறேன். "வானம் இருண்டிருக்காம். மழை வரப்போகுது போல. இது கடற்கரைக் கதையோ தெரியாது, பார்ப்பம்." அடுத்த வசனம். "ஓம், வலை. அப்போ இந்த அப்பா மீன்பிடிக்கிறவர்." கடலைப் பார்த்து நிற்கும் இடத்தில்: "ஏன் நிற்கிறார்? முதல் வசனத்துக்குத் திரும்பிப் போறன். வானம் இருட்டு. யோசிக்கிறார் போல." வலையை வைத்ததும்: "இண்டைக்குப் போகேல்லை. எழுதியிருக்கோ? இல்லை. ஆனா எனக்குத் தெரியுது." கடைசி வசனத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு நாள் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று மெதுவாகச் சொன்னது: "மீன் இல்லை, அதுதான் கிழங்கு." அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று இன்னொரு பிள்ளை கேட்டது. அதைப் பற்றி அன்று அரை மணி நேரம் கதைத்தோம்.

இதில் நான் செய்தவை நாலைந்துதான். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தேன். தெரிந்ததோடு பொருத்திப் பார்த்தேன். விளங்காத இடத்தில் நின்று, திரும்பிப் போனேன். எழுதாததை ஊகித்தேன். இவற்றுக்குப் பெயர் வைத்துச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு சேர்ந்து செய்யுங்கள், பிறகு பிள்ளை செய்யட்டும், நீங்கள் கேளுங்கள்.

மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம், இப்போதே தொடங்குங்கள். ஆனால் அவள் வாசிக்கும் புத்தகத்தில் தொடங்காதீர்கள், நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகத்தில் தொடங்குங்கள். "ப-ட-ம், படம்" என்று கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே போய்விடும். கதையை யோசிக்க அங்கே இடம் மிஞ்சாது. நீங்கள் வாசிக்கும்போது அவளுக்கு எழுத்துப் பாரம் இல்லை, மனம் கதைக்குள் போகும். அங்கே பழகிய யோசனை, எழுத்துச் சரளமானதும் அவளுடைய சொந்த வாசிப்புக்கு வந்து சேரும்.

அதேவேளை எழுத்துப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பிள்ளையை "கெட்டிக்காரி" என்று விட்டுவிடாமல், எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கதையை ஊகிக்கலாம், சொல்லை வாசிக்கத்தான் வேண்டும்.

வீட்டில் நன்றாகக் கதைக்கிறான். ஆனால் பாடநூலில் உள்ள தமிழ் அவனுக்கு அந்நியமாக இருக்கிறது.

படலையடியில் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை.

நாங்கள் "வெளிக்கிடு" என்போம், புத்தகம் "புறப்படு" என்கிறது. நாங்கள் "கெதியா", புத்தகம் "விரைவாக". நாங்கள் "வடிவு", புத்தகம் "அழகு". கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து வருகிற முஸ்லிம் பிள்ளைக்கு வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா. புத்தகத்தில் அம்மா, அப்பா, அக்கா. ஐந்து வயதில் முதலாம் தரத்துக்கு வருகிற பிள்ளை எழுத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட இன்னொரு தமிழையும் படிக்கிறது. அதன் வீட்டுத் தமிழைப் பிழை என்று சொல்லித் திருத்தாதீர்கள். "புத்தகத்தில் புறப்பட்டான் என்று இருக்கு. நாங்கள் எப்படிச் சொல்லுவம்?" என்று கேளுங்கள். பிள்ளை "வெளிக்கிட்டான்" என்று சொல்லும் நொடியில் அந்த வசனம் அதற்கு உயிராகிவிடும்.

சொல் மட்டுமல்ல, வசனம் கட்டப்படும் விதமும் தடக்கும். இதைப் பாருங்கள்:

"அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான். வரவில்லை. கோபத்தோடு கதவைச் சாத்தினான்."

வராதது யார்? கதவைச் சாத்தியது யார்? இரண்டு வசனத்திலும் எழுவாய் இல்லை. நாங்கள் யோசிக்காமலே தம்பி வரவில்லை, அண்ணன் சாத்தினான் என்று நிரப்பிக்கொள்கிறோம். சிறு பிள்ளை நிரப்புவதில்லை. நான் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் விரலை வைத்து "யார்?" என்று கேட்பேன். அவ்வளவுதான் பயிற்சி, ஆனால் ஒரு மாதத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

இன்னொன்று:

"நாய் துரத்திய பூனை சுவரில் ஏறியது."
"நாயைத் துரத்திய பூனை சுவரில் ஏறியது."

ஒரு "ஐ" வந்ததும் ஓடுவது யார், துரத்துவது யார் என்பதே மாறிப்போகிறது. இதை விளக்க இலக்கணம் வேண்டாம். நிலாவெளிக் கடற்கரையில் பொறுக்கிய இரண்டு சிப்பிகளை வைத்திருக்கிறேன், ஒன்று நாய், ஒன்று பூனை. பிள்ளை வசனத்தை வாசித்து, சிப்பிகளை மேசையில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். பிழையாக ஓடவிட்டால் நான் ஒன்றும் சொல்வதில்லை, வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்கிறேன். பிறகு "மாமா கொண்டுவந்த மாம்பழத்தைத் தின்ற தம்பிக்கு வயிற்றுவலி" என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவோம். நீட்ட நீட்டப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

தெரியாத சொல் வந்தால் அர்த்தத்தைச் சொல்லிவிடலாமா, அவர்களே கண்டுபிடிக்க விடுவதா?

முதலில், தெரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதுதான் கடினம்.

"கச்சான் பலமாக வீசியது. வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன" என்று ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பையன் மட்டும், "டீச்சர், ஆர் வீசினது?" என்றான். கடற்கரையில் சுருளில் கட்டி விற்கிற வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலைதான் அவனுக்குத் தெரிந்த கச்சான். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கே இருந்து தரை வழியாக வந்து, எங்கள் கரையைச் சுட்டெரிக்கிற கச்சான் காற்றை அவன் உடம்பு அறியும், பெயர் அறியாது. அன்றைக்கு மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தது அவன்தான். வசனம் அவன் மனதில் பொருந்தவில்லை, அதைக் கவனித்தான், கேட்டான்.

நான் சொன்னது: "சரி, வறுத்த கச்சான் என்று வை. அடுத்த வசனத்தோடு பொருந்துதோ?" இல்லை என்றான். "வள்ளம் கரையில் கிடக்குதென்றால் என்ன வீசியிருக்கும்?" உடனே "காத்து!" என்று கத்தினான்.

சுற்றியுள்ள வசனங்களில் தடயம் இருந்தால் இப்படித் தேட விடுங்கள். தடயம் இல்லாத சொல்லுக்கு நேரே அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் கதை செத்துப்போகும். ஒரு கதைக்கு நாலு சொல் போதும் என்பது என் கணக்கு.

சில பாடம் உடனே விளங்குகிறது, சிலது எத்தனை தரம் வாசித்தாலும் விளங்குவதில்லை. ஏன்?

விஷயம் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதி இருக்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். வாசித்ததை ஒரு சிறு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள்.

அதை எங்கள் ஊரிலும் பார்க்கலாம். கரைவலை இழுப்பது பற்றிய பந்தியை எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் விளங்கிக்கொள்வார்கள். கந்தளாயில் குளத்தையும் வயலையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதே பந்தியில் நாலு இடம் தடக்கும். விதைப்பு, வரம்பு, மதகு என்று வந்தால் நிலைமை மாறும். தேயிலைத் தோட்டம் பற்றிய பாடத்தில் இரண்டு பேருமே தடுமாறுவார்கள்.

ஆகவே வாசிக்க முன் ஐந்து நிமிடம் கதையுங்கள். தேயிலைப் பாடம் என்றால் குசினியில் இருந்து தேயிலைத்தூளை எடுத்து மணக்கக் கொடுங்கள், இது ஒரு செடியின் இளம் இலை என்று சொல்லுங்கள், மலை, குளிர், மூடுபனி என்று நாலு சொல் காதில் விழட்டும். கொழுந்து என்ற சொல் வரும்போது பிள்ளைக்கு அதை வைக்க ஓர் இடம் இருக்கும்.

நீண்ட காலத்துக்கு இதற்கு ஒரே வழி, பிள்ளைக்கு உலகத்தைக் காட்டுவது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏழு கிணற்றிலும் கையை வைத்துப் பார்க்கட்டும், எது கூடச் சூடு என்று ஒப்பிடட்டும். கோணேசர் மலையில் இருந்து துறைமுகத்தைக் காட்டி, இந்தக் குடா ஏன் கப்பலுக்குப் பாதுகாப்பு என்று கதையுங்கள். ஊருக்குள் திரிகிற மானைப் பார்த்தால், அது ஏன் காட்டில் இல்லாமல் இங்கே நிற்கிறது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

உங்கள் பிள்ளை கொடுத்து வைத்தது. பெருக்கல் கணக்கின் இரண்டாவது பாதிக்கு எழுத்தே தேவையில்லை. தாயின் அந்தியேட்டிக்காக இராவணன் கன்னியாவில் நீர் வரவழைத்த கதையை அம்மம்மா சொன்னால், பிள்ளை அங்கே காரணம், விளைவு, பாத்திரம், முடிவு எல்லாவற்றையும் பிடிக்கப் பழகுகிறது. அம்மம்மா பாதியில் நிறுத்தி, "பிறகு என்ன செய்திருப்பான், சொல்லு பார்ப்பம்" என்று கேட்டால் போதும். மறுநாள் அதே கதையைப் பிள்ளை அம்மம்மாவுக்குத் திருப்பிச் சொல்லட்டும். அவர் இடையிடையே "ஏன்?" என்று கேட்கட்டும்.

பாடநூலைப் பிள்ளை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். உண்மையாகவே கதை தெரியாத ஒருவருக்கு வாசிக்கும்போது பிள்ளை விளங்க வைக்கவே வாசிக்கும். எங்கள் முன்னால் வாசிக்கும்போது பிழை பிடிபடக் கூடாதே என்றுதான் வாசிக்கிறது.

என்ன மாதிரிக் கேள்வி கேட்பது?

வசனத்தில் நேரே கிடக்கும் விடைக்கு ஒன்று, இரண்டு வசனத்தைச் சேர்த்தால் வருகிற விடைக்கு ஒன்று, பிள்ளையின் தலைக்குள் இருந்து வரவேண்டியதற்கு ஒன்று. "அக்கா குடையை வாசலில் விரித்து வைத்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது." குடையை எங்கே வைத்தாள்? வெளியே என்ன நடந்துகொண்டிருந்திருக்கும்? நீ என்றால் குடையை எங்கே வைப்பாய்? ஒவ்வொரு விடைக்கும் பிறகு, "எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளையின் விரல் வசனத்தில் போய் நிற்க வேண்டும். என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

வகுப்பில் 35 பிள்ளைகள். ஒவ்வொருவரோடும் இப்படி இருக்க முடியாதே?

நாலு நாலு பேராகப் பிரியுங்கள். ஆன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் எழுதிய முறை இதற்குப் பொருந்தும். பிள்ளைகள் மாறி மாறி ஆசிரியர் ஆவார்கள். ஆசிரியராக இருக்கும் பிள்ளை அடுத்தது என்ன என்று எதிர்பார்க்கும், கேள்வி கேட்கும், விளங்காத இடத்தைத் தெளிவாக்கும், சுருக்கிச் சொல்லும். அவர்கள் அதைச் செய்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு. எழுத்தை நன்றாக வாசித்தும் விளங்காமல் இருந்த பிள்ளைகள். நான் தரம் 3 பிள்ளைகளோடு செய்யும்போது முதல் இரண்டு வாரம் கேள்வி கேட்பதை மட்டும் பழக்குவேன். நாலையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் பாத்திரத்தை நடிப்பார்கள், கதையை மறந்துவிடுவார்கள்.

வரிசையாக ஆளுக்கொரு வசனம் சத்தமாக வாசிக்கும் முறையை மட்டும் விட்டுவிடுங்கள். தன் முறை வருமட்டும் பிள்ளை பயந்துகொண்டு தன் வசனத்தை எண்ணிக்கொண்டிருக்கும், முடிந்ததும் காதை மூடிவிடும்.

தரம் 5 புலமைப்பரிசில் வருகிறதே. கடந்தகால வினாத்தாள் செய்வதை நிறுத்துவதா?

தரம் 5இல் வினாத்தாளின் வடிவத்துக்குப் பழகத்தான் வேண்டும். ஆனால் தரம் 2, 3 பிள்ளைக்குக் கையில் கதைப்புத்தகம் இருக்கட்டும். பிந்தித் தொடங்கியவர்கள் என்றால், நாளுக்கு மூன்று பந்திக்கு விடை எழுதுவதை விட ஒரே பந்தியை எடுத்து, ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது என்று கதைப்பது கூடுதல் பலன் தரும்.

எந்தப் புத்தகம் வாங்குவது?

வாங்குவதற்கு முன் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதம் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையே எடுக்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல் தெரியாமல் இருந்தால், அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம். ஒரே புத்தகத்தைப் பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் வாசியுங்கள். அவள் ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கண்டுபிடிக்கிறாள். கதை மட்டும் போதாது. மீன், கப்பல், எறும்பு பற்றிய தகவல் புத்தகங்களும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டால்?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு ஒரு சின்னச் சோதனை: ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டால் விளங்குகிறது, தானே வாசித்தால் விளங்கவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. கேட்டாலும் விளங்கவில்லை என்றால் மொழியில், சொல்வளத்தில் வேலை செய்ய வேண்டும். எழுத்துச் சிக்கல் மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் வகுப்பாசிரியரோடு கதைத்து, கற்றல் இடர்பாடு பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

கால் மணி நேரம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாய் விரித்த பிறகு, எந்த நேரம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருகிறதோ அந்த நேரம். தொலைக்காட்சியும் போனும் அடங்கியிருக்கட்டும். ஒரு பக்கத்தோடு கதை நின்று, மிச்ச நேரமெல்லாம் பிள்ளை அந்தப் பக்கத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தால், நாளைக்கு அடுத்த பக்கத்தைத் திறந்தால் போதும்.